அண்ணன் உயிருக்கு நான் கட்டிய இன்சூரன்ஸ்

பதுளை பசார் தெருவில் மூன்று கட்டடங்கள். அதில் ஒன்று மாடி வைத்தது, பின்னால் அரிசிக் கிட்டங்கி. மடுல்சீமைக்குப் போகிற பாதையில் பதினெட்டு ஏக்கர் தேயிலை. கொஸ்லந்தையில் ஒரு பலசரக்குக் கடை. இரண்டு லொறி. ஆஸ்பத்திரி பக்கம் ஆறு அறை வைத்த ஒரு வீடு, அறைக்கு அறை மின்சார விளக்கு. இத்தனையும் உண்டாக்கியவன் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினான்கு வயதில் லயத்திலிருந்து, அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டிலிருந்து, இறங்கி வந்து, பதுளை ஸ்டேஷன் கூட்ஸ் செட்டில் மூட்டை தூக்கியவன். எனக்குப் பின்னால் ஒரு மாமன் இல்லை, ஒரு கங்காணி இல்லை, கைதூக்கிவிட ஒரு துரை இல்லை.

இதில் எந்த ஒன்றின் உறுதிப் பத்திரத்திலும் என் பெயர் கிடையாது. வாங்கிய அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எல்லாம் என் அண்ணன் பெயரில் வாங்கியவை. அண்ணன் காலமான பிறகு அவர் பிள்ளைகளுக்குப் போயின. போகிற வழியில் ஒரு கட்டடம்கூட விலைபோகாமல் அவை எப்படி முழுசாகப் போய்ச் சேர்ந்தன என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் நான் இல்லை. அதனால்தான் எழுத வராத கையால் இதை எழுதுகிறேன்.

ஒன்றுமில்லாமல் வந்தேன் என்று பசாரில் எல்லா முதலாளியும்தான் சொல்வார்கள். நான் எப்படி வந்தேன் என்று கேளுங்கள். முதுகில் அரிசி மூட்டையோடு நடக்கும்போதே, எந்த மூட்டை எந்தத் தோட்டத்துக்குப் போகிறது, மழைக்காலத்தில் எந்தப் பாதைக்கு வண்டிக்காரன் வர மாட்டேன் என்கிறான் என்பதையெல்லாம் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டேன். மடுல்சீமைக்கு மழையில் யாரும் வண்டி விட மாட்டார்கள். நான் விட்டேன். முதலில் ஒரு மாட்டு வண்டி, பிறகு மூன்று. நாற்பத்தெட்டில் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய பட்டாளத்து லொறி. தோட்டத்துக் கிளாக்கர்மார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “மழையிலும் வர்றவன் வந்துட்டானா?” என்றுதான் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை நான் சும்மா வாங்கவில்லை. இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்து வாங்கினேன்.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். முத்து முத்தான கையெழுத்து. துரையிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவார். வெள்ளை வேட்டியில் ஒரு சேற்றுப் பொட்டு இருக்காது. லொறி ஓடத் தொடங்கியதும் நான்தான் போய் அவரை அழைத்து வந்தேன். “கடை போடுறேன். நீங்க கல்லாவுல உக்காருங்க. வர்றவங்க உங்க முகத்தைப் பாக்கட்டும். என் முகத்தைப் பாத்தா கடன் கேக்க மாட்டாங்க, ஓடிடுவாங்க” என்றேன். அவர் சிரித்தார். அண்ணனுக்கு நல்ல சிரிப்பு. அவர் கல்லாவில் உட்கார்ந்தார், நான் லொறியில் ஏறினேன். கடைப் பலகையில் அவர் பெயர். லொறிப் புத்தகத்திலும் அவர் பெயர். மூத்தவர் இருக்க இளையவன் பெயரைப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. போட வேண்டுமென்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் அண்ணன் என்னை இந்தியாவுக்கு அனுப்பினார். துறையூர்ப் பக்கம் அப்பா விட்டுவிட்டு வந்த இரண்டு ஏக்கர் புஞ்சையைப் பங்காளிகள் உழுதுகொண்டிருந்தார்கள். “நீ போய் நம்ம பங்கைப் பிரிச்சு எம் பேர்ல எழுதிட்டு வா. அப்படியே ஒரு பொண்ணையும் பாத்து முடிச்சுக்க” என்றார். பெண் இரண்டே மாதத்தில் முடிந்தது. நிலம் முடியவில்லை. பங்காளிகள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். பத்தாம் மாதம், லொறி என்ன ஆனதோ, நான் திரும்பி வருகிறேன் என்று எழுதிப் போட்டேன். ‘பாதியில் விட்டால் போனது வீண். முடித்துக்கொண்டே வா’ என்று அண்ணனின் முத்துக் கையெழுத்தில் பதில் வந்தது. முடித்துக்கொண்டு, மனைவியோடு தலைமன்னாரில் இறங்கியபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் அங்கே பங்காளிகளோடு மல்லுக்கு நின்ற நேரத்தில் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் விண்ணப்பம் போட வேண்டும், இத்தனை வருஷம் இந்த நாட்டிலேயே இருந்தோம் என்று காட்ட வேண்டும். நானும் போட்டேன், அண்ணனும் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கேட்டதை அங்கிருந்தவர் தமிழில் சொன்னார்.

“இந்தியாவுல எத்தனை மாசம் இருந்தீங்க?”

“பதினாலு.”

“ஒரே தடவையாவா?”

“ஆமாங்க. அண்ணன் சொல்லித்தான்…”

“அண்ணன் சொன்னதை இதுல எழுத எடமில்லீங்க. ஒரே தடவையா, இல்லையா?”

“ஒரே தடவைதாங்க.”

ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் இல்லை என்பது சட்டம். இரண்டு மாதத்தில் போயிற்று. அண்ணன் பிரஜை ஆனார், நான் ஆகவில்லை. ஒரே லயத்துக் காம்பராவில், ஒரே மருத்துவச்சி கையில் பிறந்த இரண்டு பேர். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு அண்ணன் என் தோளைப் பிடித்தார். “நான் இருக்கேன்டா. எம் பேரு உம் பேரு இல்லையா?” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போதுமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் அவர் பெயரில். முதலில் வழக்கத்துக்காகச் செய்ததைப் பிறகு பயத்துக்காகச் செய்தோம். உறுதி எழுதிய வக்கீலும், புரொக்டர் என்போம் அவரை, குடியுரிமை இல்லாதவர் பெயரில் நிலம் எழுதினால் நாளைக்கு என்ன சட்டம் வருமோ என்றார். நிலத்தை நான் பார்ப்பேன், விலையை நான் பேசுவேன், எல்லைக் கல்லை நான் நடுவேன். அண்ணன் வந்து கையெழுத்துப் போடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் பசார் தெருவில் பெரிய புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி திடீரென்று இறந்துபோனார். கோடியில் புரண்ட மனிதன் என்று ஊர் சொல்லும். நாலு கட்டடம், கடை நிறையச் சரக்கு. ஆனால் செத்தவர் விட்டுப்போகிற சொத்துக்கு அரசாங்கம் ஒரு வரி கேட்கும். நாங்கள் அதைச் சாவு வரி என்போம். அதைக் கட்டும் வரை பிள்ளைகள் சொத்தில் கைவைக்க முடியாது. அந்தக் குடும்பத்திடம் கட்டடம் இருந்தது, சேலை இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. அவசரத்துக்கு நடுக் கட்டடத்தை விற்றார்கள். அவசரக்காரனிடம் யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

வாங்கியவன் நான்தான். அதை மறைக்க மாட்டேன். பாதி விலைக்கு வாங்கினேன். உறுதியில் கையெழுத்துப் போட அந்த முதலாளியின் மூத்த மகன் வந்தான். பேனாவை வைத்து இழுத்தான், எழுதவில்லை. உதறினான், மறுபடி இழுத்தான். மூடியைக் கழற்றாமலே எழுதிக்கொண்டிருந்தான். புரொக்டர் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

மலிவாக வாங்கிய சந்தோஷம் எனக்குக் கடைவாசல் வரைக்கும்கூட வரவில்லை. எங்கள் சொத்து முழுவதும் ஒரே ஆள் பெயரில் இருக்கிறது. அந்த ஆளுக்கு ஒன்று ஆனால் மொத்தமும் ஒரே நாளில் அந்த வரிக்கு முன்னால் போய் நிற்கும். நாளைக்கு இதே புரொக்டரின் மேசையில், என்னைப் போல ஒருவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எங்கள் கட்டடத்தைப் பாதி விலைக்குக் கேட்பான். மூன்றாம் வகுப்புக்காரனின் மண்டைக்கு இது எட்டியது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு எட்டவில்லை. எட்டியது என்று இப்போது சொல்கிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வருவார். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, வெயிலிலும் மழையிலும் கையில் குடை. ஊரில் எல்லோரும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், சாவைப் பற்றிப் பேச வருகிறவர் என்று. நானும் போயிருக்கிறேன். அந்த மாதம் நானே ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பிடித்தேன். தேநீர்க் கடையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

“ஐயா, ஒரு ஆள் செத்தா வர்ற வரியை, அந்த ஆள் செத்ததுல வர்ற காசாலயே கட்ட முடியுமா?”

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இருபது வருஷமா நான் படிச்ச ஆக்களுக்கு விளங்கப்படுத்துற விசயம் இது. நீங்கள் என்னட்டைக் கேக்கிறியள். உங்களுக்கு ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. ஒரு கட்டடம் வாங்கினேன்.”

பிறகு அவர் விவரமாகக் கேட்டார். சொத்து யார் பெயரில்? அண்ணன் பெயரில். வருஷா வருஷம் பணம் கட்டப்போவது யார்? நான்.

“அப்ப, அண்ணைக்குப் பிறகு காசு ஆருக்குப் போகவேணும் எண்டு எழுதுறது?”

“மதினிக்கு எழுதுங்க.” மதினி என்றால் என் அண்ணன் மனைவி.

“பாருங்கோ, கட்டுறது நீங்கள். ஒரு பாதியாவது உங்கட பேரில எழுதி வைப்பம். நாளைக்கு உதவும்.”

“வேணாங்க. அவரு சாகட்டும்னு நான் காத்திருக்கிற மாதிரி ஆயிடும். எங்களுக்குள்ள எழுத்து எதுக்கு?”

இதுதான் நான் செய்த தப்பு. வாழ்க்கையில் நான் போட்ட எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, இது ஒன்றைத் தவிர. ஏஜென்ட் விடவில்லை. “சரி, பத்திரத்தில வேண்டாம். நான் தாற ரசீதின்ர பின்பக்கத்தில, தம்பியின்ர கையால பெற்றது எண்டு எழுதி என்ர கையெழுத்தை வைக்கிறன். ஒருத்தருக்கும் நோகாது” என்றார். நான் சிரித்துவிட்டுத் தலையாட்டினேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது. “நான் சாகுறதுக்கு நீ பணம் கட்டப் போறியா?” என்றார். மதினி உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

“கட்டட்டுமே. நம்ம கொழுந்தனாரு எதுலயும் நட்டப்பட மாட்டாரு. போட்ட காசை எடுக்கிறதுக்கு வழி வச்சிருப்பாரு.”

“மதினி, காசு உங்க பேருக்குத்தான் வரும்.”

“எனக்கு எதுக்கு? எனக்கு என் புருசன் போதும்.”

மறுநாள் டாக்டர் பார்க்க வேண்டும் என்று ஏஜென்ட் நாள் குறித்திருந்தார். காலையில் அண்ணனைக் காணோம். மொனராகலையில் மதினியின் தம்பி வீட்டுக்கு முதல் பஸ்ஸில் போய்விட்டார். நானும் லொறியை எடுத்துக்கொண்டு போனேன். கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்ட பிள்ளை மாதிரி.

“எந்திரிங்க. டாக்டர் ஒண்ணும் கடிக்க மாட்டாரு.”

“எனக்கு நல்லாத்தான்டா இருக்கு.”

“அதைத்தான் அவரு எழுதப் போறாரு. நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் இது குடுப்பாங்க. நோயாளிக்குக் குடுக்க மாட்டாங்க. குடுக்கலேன்னா ஊரு என்ன பேசும்?”

அதில்தான் விழுந்தார். லொறியில் வரும்போது, பசாரில் யார் யாருக்கு இதைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, நாடாவைப் போட்டு மார்பை அளந்தார். உயரத்தை அளந்தார். “மூச்சை இழுங்கோ. விடுங்கோ” என்றார். கதவோரத்தில் நின்ற மதினி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “சவப்பொட்டிக்கு அளவு எடுக்கச் சொல்லிட்டீங்களா, தம்பி?”

டாக்டர் வெளியே வந்து, இந்த வயதில் இப்படி ஒரு நெஞ்சு நான் பார்த்ததில்லை என்று சொன்னபோது அண்ணன் சட்டையைப் போடாமலே வாசல் வரைக்கும் போய் அவரை வழியனுப்பினார். பத்திரம் வந்தது. அண்ணன் அதை வந்த நீலக் கவரோடு இரும்பு அலுமாரியில் உறுதிகளோடு சேர்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் நான் கட்டினேன். ஒரு வருஷம் அடைமழையில் பாதை உடைந்து இரண்டு மாதம் மடுல்சீமை ஓட்டமே இல்லை. தவணை நாள் நெருங்கிவிட்டது, கட்டாவிட்டால் பத்திரம் செத்துவிடும். லொறிக்கு வாங்கிப் போடாமல் வைத்திருந்த நாலு புது டயரை விற்றுக் கட்டினேன். பாதை திறந்ததும் வழவழவென்று தேய்ந்த டயரோடு மடுல்சீமைக்கு ஏறினேன். டிரைவரை ஏற்றவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தன. ஒரு வளைவில் பின் சக்கரம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போய், ஒரு கல்லில் தட்டி நின்றது. அந்தக் கல்லுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அது யார் பெயரிலும் இல்லாத கல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, அந்தக் கடுதாசியில உங்க பேரு எங்கயாச்சும் இருக்கா?”

“ரசீதுக்குப் பின்னால இருக்கு.”

“எல்லாத்துலயும் நீங்க பின்னாலதான் இருக்கீங்க” என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அவள் ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரம் வந்து இரண்டு வருஷம் போயிருக்கும். நான் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குள் வருகிறேன். கல்லாவுக்கு எதிரே ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பிள்ளைங்க எதிர்காலத்தை யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கு வரி கிரின்னு வந்து நின்னா என்ன செய்வாங்க? அதான் நானே ஏஜென்ட்டை வரவழைச்சு எடுத்துட்டேன்.” மொனராகலையில் கட்டிலில் படுத்திருந்த மனிதர். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பிவிட்டார். நானும் திருத்தவில்லை. தோளில் மூட்டை இருந்தது.

புரொக்டர் வேறொன்றும் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு மரண சாசனம் எழுதி, பாதி சொத்து தம்பிக்கு என்று வைத்துவிட்டால் பிற்காலத்தில் சச்சரவு வராது என்றார். அண்ணன் உடனே சரி என்றார். “எழுதிடலாம். இதுல என்ன இருக்கு? பெரியவ கல்யாணம் முடியட்டும்.” கல்யாணம் முடிந்தது, செலவை நான் பார்த்தேன். ஒரு நாள் புரொக்டர் வீட்டுக்குப் புறப்பட்டோம். மதினி வந்து அன்றைக்கு அஷ்டமி என்றாள். அடுத்த தடவை புறப்படும்போது கரி நாள். அதற்கடுத்த தடவை மூத்த மகனுக்குப் பரீட்சை, அது முடிகிற வரைக்கும் வேண்டாமாம். இப்படி மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல நாள் வரவில்லை. நான் ஒரே ஒரு தடவை அதட்டிச் சொல்லியிருக்கலாம். துரைமாரிடமே சத்தம் போட்டுக் கூலி வாங்கியவன் நான். அண்ணன் முன்னால் மட்டும் எனக்குக் குரல் எழும்பாது.

அறுபத்தொன்றில் அண்ணன் போனார். பகல் மூன்று மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நான் கொஸ்லந்தைக் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, “முதலாளி, வீட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னார். அண்ணனைப் பற்றி நான் என்ன குறை எழுதினாலும், அன்றைக்கு நான் அழுத அழுகையை யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

சில மாதத்தில் வரிக் கடிதம் வந்தது. மூத்த மகன் அப்போது கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். படிக்க அனுப்பியவன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் அந்தப் புடவைக் கடை மகனின் முகம் மாதிரியே இருந்தது.

“சித்தப்பா, வேற வழியில்ல. ஒரு பில்டிங்கை வித்தாகணும். மாடிக் கட்டடத்துக்கு இப்பவே ஒருத்தர் கேக்குறாரு.”

“என்ன விலைக்குக் கேக்குறான்?”

சொன்னான். பாதி விலை.

“விக்க வேணாம். அலுமாரியைத் திற. உறுதிக்கு அடியில ஒரு நீலக் கவரு இருக்கும், எடு.”

எடுத்தான், பிரித்தான், படித்தான். இரண்டு தடவை படித்தான். பிறகு எழுந்து நின்றான். “அம்மா! இங்க வாங்க! அப்பா எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணி வச்சிட்டுத்தான் போயிருக்காரு!”

மதினி வந்தாள். மகன் சொன்னதைக் கேட்டாள். பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகளும் அழுதார்கள். மதினிக்குத் தெரியும். பெட்டிக்கு அளவு எடுக்கிறார்களா என்று கேட்டவள் அவள்தான். அழுதுகொண்டே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அழுகிறவர்கள் நடுவில் நின்று ‘நான்’ என்று தொடங்க எனக்கு வரவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது.

பணம் வந்தது, வரி கட்டியாயிற்று. ஒரு கட்டடம், ஒரு ஏக்கர், ஒரு லொறிகூட விற்கவில்லை. பசாரே வாயைப் பிளந்தது. அண்ணன் மறைந்த ஆண்டு நிறைவுக்கு மாடிக் கட்டடத்து முன்சுவரில் கறுப்புக் கல் பதித்தார்கள். அண்ணன் பெயர். அதற்குக் கீழே, தம் மறைவுக்குப் பின்னும் குடும்பச் சொத்தைக் காத்த தூரதிருஷ்டியாளர் என்று வெட்டியிருந்தது. வந்தவர்களுக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் அண்ணனின் உழைப்பு, அண்ணனின் நேர்மை, அண்ணன் தொடங்கிய லொறி. கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி: இவருடைய தம்பி லொறிப் பகுதியைக் கவனித்து உதவியாக இருந்தார்.

உதவியாக இருந்தேனாம்.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். மகன் அப்பாவின் நாற்காலியில் இருந்தான், மதினி பக்கத்தில். என் பங்கு என்ன என்று கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“சித்தப்பா, உணர்ச்சிவசப்படாதீங்க. சட்டப்படி பாத்தா…”

“சட்டப்படி பாக்காதடா. உங்கப்பன் முகத்தை நினைச்சுப் பாரு.”

“அப்பா எதையும் எழுதி வைக்கலியே. சரி, நாங்க மனசு வச்சுக் குடுக்கிறோம்னே வைங்க. உங்களுக்குச் சிட்டிசன்ஷிப் இல்ல. இல்லாதவங்க பேருக்கு நிலத்தை மாத்தினா, பெரிய வரி போடப் போறாங்கன்னு கொழும்புல பேசிக்கிறாங்க. யாருக்கு லாபம், சொல்லுங்க?”

“கட்டடத்தை விடு. இன்சூரன்ஸை எடுத்தது சித்தப்பான்னு அந்தக் கல்லுல எழுதினா, அதுக்கு என்ன வரி?”

அவனிடம் அதற்குச் சட்டம் இல்லை. மதினிதான் பேசினாள்.

“அவரு செத்ததுக்கு இவருக்குப் பட்டம் கட்டணுமாமே! அன்னிக்கு டாக்டரைக் கூட்டியாந்து அளவெடுத்தப்பவே நினைச்சேன், இது நல்லதுக்கில்லேன்னு.”

“அளவெடுக்கச் சொன்னது நான்தான்னு ஒத்துக்கிறீங்கல்ல மதினி? அது போதும். அதை உங்க மகன்கிட்டச் சொல்லுங்க.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மகன் என்னிடம், “மாசா மாசம் ஒரு தொகை ஒதுக்கிடுறோம், சித்தப்பா. நீங்க வழக்கம்போல லொறியைப் பாத்துக்கங்க” என்றான். அன்பாகத்தான் சொன்னான். லொறிச் சாவி என் மடியில் இருந்தது. எடுத்து அவன் மேசையில், அந்த மலருக்கு மேலே வைத்துவிட்டு இறங்கினேன். ஆஸ்பத்திரி பக்கத்து வீட்டில் எனக்கு விட்டிருந்த இரண்டு அறையையும் அந்த மாதமே காலி செய்தேன். பதினான்கு வயதில் லயத்திலிருந்து இறங்கியபோது எனக்கு என்ன இருந்ததோ அதுதான் இருந்தது. கூடுதலாக மனைவி, மூன்று பிள்ளைகள்.

வழக்குப் போடலாமா என்று புரொக்டரைக் கேட்டேன். எழுத்து இல்லை என்றார். ரசீதுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் ஏஜென்ட்டின் கையெழுத்தும், தம்பியின் கையால் பெற்றது என்ற வரியும் இருந்தன. கட்டியதற்கு இது சாட்சி, சொத்துக்குச் சாட்சி இல்லை என்றார். சரியாகத்தான் சொன்னார்.

காசுள்ள குடும்பங்களில் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி எவ்வளவு பிரியமாக இருக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் எழுதிவிடுங்கள். அஷ்டமி பார்க்காதீர்கள். பிரியம் இருக்கும்போதுதான் கை நேராக எழுதும்.

இனி அண்ணன் பிள்ளைகளுக்கு. கட்டடத்தைக் கேட்கவில்லை. தேயிலையைக் கேட்கவில்லை. மாசத் தொகையும் வேண்டாம். அந்த ரசீதுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன, யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். நீதிமன்றத்துக்கு அவை போதாமல் இருக்கலாம், ஒரு கல்லுக்குப் போதும். அண்ணன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, ஒரு எழுத்தையும் சுரண்ட வேண்டாம். அதற்குக் கீழே, இந்தச் சொத்தை உண்டாக்கியதும், விற்காமல் காக்க இன்சூரன்ஸ் எடுத்துக் கட்டியதும் இவருடைய தம்பி என்று வெட்டி, என் பெயரைப் போடுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள். அண்ணன் வரிக்கும் கல்லின் விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் அகலம் இருக்கிறது. போன வாரம் நானே போய் அளந்து பார்த்தேன். வெட்டுகிறவன் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன்.